சுஷி: சோற்றின் புளிப்பு தந்த பெயர்

சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பெயர் மீனால் வந்ததல்ல. 'புளிப்பான' என்று பொருள்படும் பழைய ஜப்பானியச் சொல்லே சுஷி. அக்காலத்தில் உப்பிட்ட மீனைச் சோற்றில் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்கவிட்டார்கள். பிவா ஏரிப் பகுதியில் செய்யும் ஃபுனாசுஷி இன்றும் அப்படித்தான். பிறகு, சோற்றில் கலந்த அரிசிக் காடியே அந்தப் புளிப்பைத் தந்தது. புளித்த கஞ்சிநீரையும் காடி என்றே சொன்ன தமிழுக்கு இது அந்நியமல்ல.

வகைப் பெயர்கள் இன்னும் அழகு. 'நிகிரி' என்பது கையால் பிடிப்பது. சோற்றுப் பிடிமேல் மீன் துண்டு. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பிடிகொழுக்கட்டையில் இருப்பதும் அதே 'பிடி'தான். 'மகி' சுருட்டுவது: கடற்பாசித் தாளுக்குள் சோறு, வெள்ளரி அல்லது சூரை மீன். 'சிராஷி' தூவுவது. சோறில்லாத சஷிமி சுஷியே ஆகாது.

எனக்குப் பிடித்த பெயர் 'இனாரி'. பொரித்த டோஃபு பைக்குள் சோறு மட்டும், மீன் இல்லை. இனாரி, ஜப்பானியர் வணங்கும் நெல் தெய்வம்.