சுவருக்குள் ஓடும் கம்பி

என் நண்பர் ஒருவரின் வீட்டிற் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர்ப் பொருத்தப்பெற்ற காவற் கமராக்கள் நான்கு உள்ளன. வாயிலில் ஒருவர் நிற்கிறார் என்பதை அவை இன்றும் தவறாது அறிவிக்கின்றன. நிற்பவர் யார் என்பதை மட்டும் அறிவிப்பதில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்திற் சாம்பல் நிறக் கறையொன்றே தோன்றும். இவற்றை மாற்றத் துணிந்த நண்பர், அத்தொழில் அறிந்த ஒருவரை அழைத்தார். வந்தவர் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, கமரா, பதிவுப் பெட்டி, சுவருக்குள் ஓடும் கம்பி ஆகிய யாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதியனவற்றை இடவேண்டும் என்று கூறிச் சென்றார். சுவரை உடைப்பதற்கு மனம் ஒப்பாத நண்பர் என்னிடம் வந்தார். யான் பொறியியல் கற்றவன் அல்லன். பழைய செய்திகளைத் தேடிப் படிப்பவன். ஆகவே வரலாற்றைக் கொண்டே விடை தேடலானேன். அத்தேட்டத்திற் கண்டவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

வீட்டைக் காக்கும் வேலையை மனிதன் முதன்முதலிற் கம்பியிடம் ஒப்படைத்தது கமரா தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னராகும். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சமர்வில் நகரில் வாழ்ந்த ஒகஸ்தஸ் ரசல் போப் என்னும் மதகுரு, மின்னால் இயங்கும் திருடர் எச்சரிக்கை மணியொன்றுக்கு 1853ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். கதவையோ பலகணியையோ எவரேனும் திறந்தால் மின்சுற்று இணைந்து, மின்காந்தம் அதிர்ந்து, சிறு சுத்தியல் மணியை அடிக்கும். மதகுருவிடமிருந்து அவ்வுரிமையை விலைக்கு வாங்கியவர் எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர். அவர் அதனைப் பொஸ்ரன் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் பெருந்தொழிலாக வளர்த்தார். வங்கிகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பிகள் அவருடைய அலுவலகத்துக்கு ஓடின. அங்கே இரவு முழுவதும் விழித்திருந்தோர் மணியோசையைக் கேட்டிருந்தனர்.

இவ்விடத்திலேதான் நம் வினாவிற்கு முதல் விடை கிடைக்கின்றது. அலெக்சாந்தர் கிரகம் பெல் தொலைபேசியை வெளியிட்ட மறு ஆண்டாகிய 1877இல், ஹோம்ஸ் குடும்பத்தினர் பொஸ்ரன் நகரில் அப்புதிய கருவியைச் சில வங்கிகளுக்கு இணைத்துக் கொடுத்தனர். இதற்கெனப் புதுக் கம்பி இழுக்கப்படவில்லை. திருடரை அறிவிக்க முன்னரே இழுத்திருந்த கம்பிகளே பகலில் மனிதர் குரலைச் சுமந்தன; இரவில் மீண்டும் தம் பழைய காவற் பணிக்குத் திரும்பின. தொலைபேசி இணைப்பகங்களின் வரலாறு கூறுவோர் இந்நிகழ்ச்சியை அதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்வர். காவலுக்கென இட்ட கம்பி, அதனை இட்டவர் கனவிலும் கருதாத பணியொன்றைச் செய்தது. கம்பி பழையதாயிற்று என்பதனால் அது பயனற்றதாயிற்று என்று கொள்ளுதல் தவறென்பது அன்றே தெளிவாயிற்று.

ஓசையை அறிந்த காவல், உருவத்தை அறிவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1942ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பால்ற்றிக் கரையிலுள்ள பீனமுண்டேயில், ஏவுகணைகள் எழுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து காண்பதற்காகத் தொலைக்காட்சிக் கமராக்களைப் பயன்படுத்தினர். ஒளிபரப்பப்படாமல், ஒரு கமராவிலிருந்து ஒரு திரைக்கு மட்டும் செல்லும் இம்முறையே பின்னர் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி எனப் பெயர் பெற்றது. போர் முடிந்தபின் தொழிற்சாலைகளும் வங்கிகளும் அதனைக் கைக்கொண்டன. வீட்டுக்கு அது வந்த கதையோ ஒரு தாதியின் அச்சத்திலிருந்து தொடங்குகின்றது.

நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் ஜமெய்க்கா என்றொரு புறநகர் உண்டு. மேற்கிந்தியத் தீவாகிய ஜமெய்க்காவுடன் இதனை மயங்குதல் கூடாது. அங்கு வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி மேரி வான் பிரிற்றன் பிரவுண், 1922ஆம் ஆண்டிற் பிறந்தவர். தாதித் தொழில் செய்தவர். அவருடைய கணவர் அல்பேட் பிரவுண் மின்னணுத் தொழில்நுட்பவியலாளர். இருவர் வேலை நேரங்களும் ஒத்துவருவதில்லை. ஆகவே, நேரங்கெட்ட நேரத்திற் கதவு தட்டப்படும்போது பெரும்பாலும் வீட்டில் தனித்திருப்பவர் மேரியே. சுற்றுப்புறத்திற் குற்றங்கள் பெருகியிருந்தன. பொலிசாரை அழைத்தால் அவர்கள் வந்துசேரக் காலந் தாழ்ந்தது. கதவிலுள்ள சிறு துளை வழியே பார்ப்பதாயின் கதவண்டை செல்லவேண்டும். சென்றால், உள்ளே ஆள் இருப்பதை வெளியே நிற்பவன் அறிந்துகொள்வான். தனித்திருந்து இவ்வச்சத்தை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1966ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் முதலாந் திகதி கணவனும் மனைவியும் ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தனர். அவர்கள் அமைத்த முறை வருமாறு: வாயிற்கதவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு துளைகள் இருக்கும். உயர்ந்தவர்க்கு மேற்றுளை, குழந்தைக்குக் கீழ்த்துளை. கதவின் உட்புறத்திற் கமராவொன்று மின்மோட்டரின் துணையால் மேலுங் கீழும் நகர்ந்து, வேண்டிய துளையின் பின்னால் நிற்கும். படுக்கையறையிலுள்ள தொலைக்காட்சித் திரையில் வந்தவர் உருவந் தோன்றும். ஒலிவாங்கியின் மூலம் அவரோடு உரையாடலாம். அறிந்தவராயின் படுக்கையிலிருந்தவாறே பொத்தானை அழுத்திக் கதவின் பூட்டைத் திறக்கலாம். ஐயத்துக்குரியவராயின் வேறொரு பொத்தானை அழுத்திக் காவலரை அழைக்கலாம். 1969ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆம் திகதி 3,482,037 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதன் முதற் பெயர் மனைவியின் பெயர்.

இப்பத்திரத்தைப் படிப்போர் பலரும் கமராவையும் மோட்டரையுமே வியப்பர். என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. இம்முறைமை வீட்டில் வாழ்பவரின் ஆளுகைக்கு உட்பட்டது என்பதைப் பத்திரம் தன் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றது. படம் கதவிலிருந்து புறப்பட்டுப் படுக்கையறையில் முடிகின்றது. எவரைக் காண்பது, எவரை உள்ளே விடுவது, எவரைத் துணைக்கு அழைப்பது என்னும் மூன்றையும் தீர்மானிப்பவர் உள்ளே இருப்பவரே. இதனை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீளவேண்டியிருக்கின்றது.

பிரவுண் தம்பதியரின் முறை பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டு விற்பனைக்கு வரவில்லை. அக்காலக் கமராவின் உள்ளே கண்ணாடிக் குழாயொன்று இருந்தது. அது பெரியது, விலையுயர்ந்தது, காலப்போக்கில் தேய்வது. ஆனால் அவர்கள் உரிமை பெற்ற அதே 1969ஆம் ஆண்டில், பெல் ஆய்வுகூடத்து வில்லாட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேர்க்கவல்ல சிறு சிலிக்கன் வில்லையின் அமைப்பை வகுத்தனர். இதற்காக 2009ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடிக் குழாய் மறைந்து இவ்வில்லை அவ்விடத்தைப் பிடித்தபோதுதான் கமரா விரலளவாகச் சுருங்கி, சாதாரண வீட்டின் தாழ்வாரத்துக்கும் வந்தது.

படத்தைச் சேமிக்கும் கருவியும் இவ்வாறே மாறியது. முதலில் நாடா, ஒரு நாடாவில் ஒரு நாள் முழுவதையும் அடக்குவதற்காகப் படங்களை இடைவெளி விட்டு விட்டுப் பதிந்தனர். திருடன் அவ்விடைவெளியில் ஓடி மறைந்துவிடுவதும் உண்டு. பின்னர் டீ.வீ.ஆர். எனப்படும் பெட்டி வந்தது. நாடாவுக்குப் பதிலாக வன்தட்டு அமைந்தது. என் நண்பர் வீட்டிலிருப்பது இவ்வகைப் பெட்டியே.

கமரா மாறியும், பதிவுக் கருவி மாறியும், இடையிலே ஓடிய கம்பி மாறவில்லை. கோஅக்சியல் கேபிள் என்று கடைக்காரர் கூறும் ஓரச்சு வடம் அது: நடுவே செப்புக் கம்பி, அதனைச் சுற்றிக் காவற்பொருள், அதன்மேற் பின்னிய உலோக உறை. அமெரிக்கரான லொயிட் எஸ்பென்சீட், ஹேர்மன் அஃபெல் என்னும் இருவர் இத்தகைய வடத்தின் நவீன வடிவுக்கு 1931இல் ஆக்கவுரிமை பெற்றனர். பல தொலைபேசி உரையாடல்களை ஒருங்கே சுமக்கவும் தொலைக்காட்சிச் சைகையைச் சுமக்கவும் வல்லதாக அவர்கள் அதனைக் கருதினர். பழைய காவற் கமரா 625 கோடுகளாலோ 525 கோடுகளாலோ ஆன படத்தை அனுப்பியது. அவ்வளவையே வடம் சுமந்தது என்பதனால், அவ்வளவே அதனாற் சுமக்க இயலும் என்று பலர் எண்ணினர். 2012ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய சில ஆண்டுகளில் அவ்வெண்ணம் பொய்யாயிற்று. அதே வடத்தின் வழியே சில நூறு மீற்றர் தூரத்துக்கு உயர்தெளிவுப் படத்தை அனுப்பும் முறைகள் சந்தைக்கு வந்தன. பழைய பதிவுப் பெட்டியின் படமொன்றில் ஏறத்தாழ நாலு இலட்சம் படப்புள்ளிகள். இன்று 4கே எனப்படும் படத்திலோ எண்பத்து மூன்று இலட்சம். இருபது மடங்கு செறிந்த படமும் அப்பழைய வடத்தின் வழியே செல்கின்றது. கம்பியின் குறையெனக் கருதப்பட்டது கம்பியின் இரு முனைகளிலும் இருந்த கருவிகளின் குறையே.

ஆகவே, சுவரை உடைக்குமுன் சோதிக்கவேண்டியவை சில உண்டு. வடத்தின் முனையிலுள்ள இணைப்பி துருப்பிடித்திருந்தால் அதனை வெட்டிப் புதியது பொருத்தினாற் போதும். கடற்காற்றுப் படும் வீடுகளிற் கோளாற்றின் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். வடத்தோடு ஓடும் மின்வயர் மெல்லியதாயின் வேறொரு தொல்லை தோன்றும். பகலில் நன்கு இயங்கும் புதுக் கமரா, இருளில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். நெடுந்தூரம் வந்த 12 வோல்ற்று வழியிலே தேய்ந்து போதாமற் போக, கமரா அணைந்துவிடும். காவல் மிக வேண்டிய வேளையிலே கண் மூடும் இக்கமராவைப் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொடுப்போர் பலர். பழுது கமராவில் இல்லை. அருகிலேயே மின்வழங்கியொன்றை வைத்தாலே சீராகும். பதிவுப் பெட்டியை மட்டும் மாற்றித்தான் ஆகவேண்டும். பழைய சைகையையும் புதிய சைகையையும் ஒருங்கே ஏற்கும் பெட்டியை வாங்கினால், கமராக்களை ஒவ்வொன்றாக வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

இனி, பிரவுண் அம்மையார் வகுத்த நெறிக்கு மீள்வோம். 1996ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு அக்சிஸ் நிறுவனம், கணினி வலையமைப்பில் நேராக இணைக்கத்தக்க கமராவை முதன்முதலில் விற்பனைக்கு விட்டது. விநாடிக்கு ஒரு படத்துக்கு மேல் அதனால் அனுப்ப இயலவில்லை. பலர் அதனைக் கண்டு நகைத்திருக்கவுங் கூடும். ஆயினும் அன்றிலிருந்து படத்தின் பயணம் மாறியது. கதவிலிருந்து படுக்கையறைக்குச் சென்ற படம் இப்பொழுது ஊர் கடந்து, நாடு கடந்து, முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து உரிமையாளரின் கைத்தொலைபேசிக்குத் திரும்புகின்றது. வெளிநாட்டிலிருக்கும் மகன் தாயின் வாயிலைப் பார்க்க முடிகின்றது. இதன் அருமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் அவ்வழியே வேறு பலரும் வரலாம். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரலொன்று, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடப்பட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி, இத்தகைய கருவிகள் பல்லாயிரம் ஒருங்கே ஏவப்பட்டு, இணைய முகவரிகளைக் காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவிற் பெரும் இணையத்தளங்கள் பல மணிநேரம் எட்டாதனவாயின. காவலுக்கு வைத்த கருவியே வீட்டுக்காரர் அறியாமற் கொள்ளைக் கூட்டத்தின் ஏவலாளாயிற்று. அன்றியும், 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு கமரா விற்கும் பெரிய நிறுவனமொன்றின்மேற் குற்றஞ்சாட்டியது. வாடிக்கையாளரின் வீட்டினுள் எடுக்கப்பட்ட படங்களை ஊழியர் பார்க்க அந்நிறுவனம் இடமளித்தது என்பது குற்றச்சாட்டு. 58 இலட்சம் டொலர் செலுத்துவதாக உடன்பட்டு அவ்வழக்கு முடிந்தது.

மேரி பிரவுண் 1999ஆம் ஆண்டிற் குயீன்சில் காலமானார். அவருடைய ஆக்கவுரிமையின் பதினேழாண்டுத் தவணை 1986இலேயே முடிந்துவிட்டது. அதன்பின் அவருடைய முறையை எவரும் பணம் கொடாது பின்பற்றலாம். கமராவையும் ஒலிவாங்கியையும் பூட்டுத் திறக்கும் பொத்தானையும் பலர் பின்பற்றினர்.

என் நண்பர் சுவரை உடைக்கவில்லை. வடங்கள் நான்கில் மூன்று நல்ல நிலையில் இருந்தன. நான்காவதன் இணைப்பியை மாற்றியதும் அதுவும் தெளிந்தது. வாயிற் கமராவையும் பெட்டியையும் இம்மாதம் மாற்றினார். ஏனைய மூன்றையும் அடுத்த ஆண்டு மாற்ற எண்ணியுள்ளார். பெட்டியின் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றினார். கூடத்தில் வைத்திருந்த பெட்டியையும் சிறு திரையையும் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டார். பெட்டியின் பின்புறத்தில் இணைய வடத்துக்கென ஒரு துளை இருக்கின்றது. அதில் வடத்தைச் செருகுவதா வேண்டாமா என்பதைப்பற்றி அவரும் கனடாவிலுள்ள அவர் மகளும் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.