காரீயத்திலிருந்து பிளாஸ்டிக் வரை

பிரெஞ்சில் குழாய் ரிப்பேர்காரரை 'ப்ளோம்பியே' என்பார்கள். 'ப்ளோம்' என்றால் காரீயம்; அந்தக் காலத்துக் குழாய்கள் காரீயத்தில்தானே இருந்தன! பள்ளியில் மனப்பாடம் செய்த அந்தச் சொல், போன வருடம் பிரான்சில் மகனுடைய காம்பிங்-காரின் கழுவுதொட்டிக்குக் கீழே தலையை நுழைத்தபோது நினைவுக்கு வந்தது. அங்கே காரீயமும் இல்லை, செம்பும் இல்லை. வெந்நீருக்குச் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு நீலம் என்று வளையும் பிளாஸ்டிக் குழாய்கள்.

ஓடும் வண்டியில் செம்புக் குழாயின் பற்றவைத்த இணைப்புகள் அதிர்ந்து அதிர்ந்து விட்டுப்போகும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், செம்பு பிளந்துவிடும். அமெரிக்காவில் 1978 வாக்கில் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாய் வந்தது. மலிவு, வளையும், வேலையும் சீக்கிரம் முடியும். வீடுகளிலும் வீட்டு வண்டிகளிலும் தாராளமாகப் போட்டார்கள். ஆனால் தண்ணீரில் கலந்த குளோரின் குழாயையும் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளுக்குள்ளேயே அரித்தது. வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். திடீரென்று ஒருநாள் பிளக்கும். 1995-ல் வழக்கு சமரசமானபோது இழப்பீட்டுக்கு 95 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

மகன் வண்டியில் இருப்பது வேறு ரகம். 1968-ல் ஜெர்மானியர் தாமஸ் எங்கெல், பாலிஎத்திலீன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் முறையைக் கண்டார். உறைந்தாலும் இது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இணைப்புகள் கொடுக்காது. குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்க மகன் மறந்திருந்தான். குழாய் பிழைத்தது, ஒரு முழங்கை இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றப் பத்து நிமிடம். ஊறிப்போன தரைப்பலகைக்கு இரண்டு நாள்.