சத்யம் பங்கு வீழ்ச்சி, 2009

சத்யம் பங்கு வீழ்ச்சி என்பது, ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு விலை 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 78 விழுக்காடு சரிந்த நிகழ்வைக் குறிக்கும். நிறுவனத் தலைவர் பி. இராமலிங்க ராஜு, கணக்குகளில் பல ஆண்டுகளாக மோசடி நடந்ததை ஒப்புக்கொண்டதே இதற்குக் காரணமாகும். இவ்வீழ்ச்சியில் பணம் இழந்த இந்தியத் தனிநபர் முதலீட்டாளர்களுக்குக் கூட்டாக இழப்பீடு கோரும் சட்டவழி அப்போது நடைமுறையில் இல்லை.

பின்னணி

சத்யம் நிறுவனம் 1987இல் தொடங்கப்பட்டது. 2001இல் நியூயார்க் பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. மும்பைப் பங்குச்சந்தையின் சென்செக்ஸ், தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி ஆகிய இரு குறியீடுகளிலும் இடம்பெற்றிருந்ததால், சிறு முதலீட்டாளர்கள் பலர் இதனை நம்பகமான பங்காகக் கருதினர். 2008 செப்டம்பரில் சிறந்த நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீக்காக் விருது இதற்கு வழங்கப்பட்டது. மோசடி வெளிப்பட்டபின் அவ்விருது திரும்பப் பெறப்பட்டது.

2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தினருடன் தொடர்புடைய மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா ஆகிய இரு நிறுவனங்களை 160 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்களின் கடும் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே இம்முடிவு கைவிடப்பட்டது. மறுநாள் இந்தியச் சந்தையில் பங்கு விலை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. பின்னர், நிறுவனம் தன் பங்குகளைத் திரும்ப வாங்கக்கூடும் என்ற செய்தியால் விலை ஓரளவு மீண்டது. டிசம்பர் வீழ்ச்சியை மலிவாக வாங்கும் வாய்ப்பாகக் கருதி வாங்கி வைத்திருந்தவர்கள், அடுத்து வந்த பெரும் வீழ்ச்சியில் சிக்கினர்.

வீழ்ச்சி

ஜனவரி 7 அன்று சந்தை இயங்கிக்கொண்டிருந்தபோதே ராஜுவின் கடிதம் வெளியானது. 2008 செப்டம்பர் இறுதியில் கையிருப்பாகக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் கூறப்பட்டிருந்தது. அந்தக் காலாண்டின் இலாப விகிதம் 24 விழுக்காடாகக் காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது 3 விழுக்காடு மட்டுமே.

மும்பைப் பங்குச்சந்தையில் இப்பங்கின் விலை பின்வருமாறு இருந்தது.

* 2008 மே: 500 ரூபாய்க்கு மேல்
* 2009 ஜனவரி 6, இறுதி விலை: 179.10 ரூபாய்
* 2009 ஜனவரி 7, இறுதி விலை: 39.95 ரூபாய்
* 2009 ஜனவரி 8: முகரம் விடுமுறை
* 2009 ஜனவரி 9, இறுதி விலை: ஏறத்தாழ 24 ரூபாய்

முன்பேர வணிகத்தில் இடம்பெற்ற பங்குகளுக்கு அன்றாட விலை வரம்பு கிடையாது. ஆகவே வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்த எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அன்று சென்செக்ஸ் 749 புள்ளிகள் சரிந்தது.

தனிநபர் முதலீட்டாளர்களின் எதிர்வினை

இத்தகைய வீழ்ச்சியின்போது சிறு முதலீட்டாளர்கள் பொதுவாக மூன்று வழிகளில் நடந்துகொள்கின்றனர். சத்யம் பங்கிலும் இம்மூன்று வழிகளும் காணப்பட்டன.

* விற்று வெளியேறுதல்: கிடைத்த விலைக்கு விற்று, எஞ்சிய தொகையைக் காத்துக்கொள்ளுதல்.
* விற்காமல் வைத்திருத்தல்: வாங்கிய விலை திரும்பும் என்று காத்திருத்தல். இலாபத்திலுள்ள பங்குகளை விரைந்து விற்று, நட்டத்திலுள்ளவற்றை விற்கத் தயங்கும் இவ்வியல்பை 1985இல் செஃப்ரின், ஸ்டாட்மன் ஆகியோர் விளக்கினர். கானமன், டிவெர்ஸ்கி ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாகும்.
* மேலும் வாங்குதல்: சராசரி விலையைக் குறைக்கவோ, விரைவில் இலாபம் பெறவோ குறைந்த விலையில் வாங்குதல்.

மூன்றில் எது சரியானது என்பதை அன்றைய நாளில் அறிய வழியில்லை. வெளியிடப்பட்ட இருப்புநிலைக் குறிப்பே பொய்யாக இருந்தது. தணிக்கையாளரும் அதற்குச் சான்றளித்திருந்ததால், கவனமாகப் படித்த முதலீட்டாளரும் ஏமாற நேர்ந்தது.

மீட்பு

மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமைத்தது. கிரண் கர்ணிக், தீபக் பரேக் முதலானோருடன், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி. என். மனோகரனும் இதில் இடம்பெற்றார். 2009 ஏப்ரல் 13 அன்று, பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் வீதம் ஏலம் கேட்ட டெக் மகிந்திரா வெற்றி பெற்றது. 2013இல் சத்யம் டெக் மகிந்திராவுடன் இணைக்கப்பட்டபோது 17 சத்யம் பங்குகளுக்கு 2 டெக் மகிந்திரா பங்குகள் வழங்கப்பட்டன. எனவே, 170 பங்குகள் வைத்திருந்தவருக்கு 20 பங்குகள் கிடைத்தன.

இழப்பீடு

அமெரிக்காவில் வைப்புச் சான்றுகளை வாங்கியிருந்தவர்கள் அந்நாட்டுச் சட்டப்படி குழு வழக்குத் தொடுத்தனர். 2011இல் நிறுவனம் 12.5 கோடி டாலரும், தணிக்கை நிறுவனமான பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் வழங்க உடன்பட்டன.

இந்தியாவில் வாழ்ந்து, இந்தியச் சந்தையில் பங்கு வாங்கியவர்கள் இத்தீர்வில் சேர்க்கப்படவில்லை. முதலீட்டாளர் சங்கம் ஒன்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் 2009இல் அணுகியும் பயன் கிட்டவில்லை. நிறுவனம் அமெரிக்காவில் செலுத்த ஒப்புக்கொண்ட தொகை, இந்தியப் பங்குதாரர்களும் உரிமையாளர்களாக இருந்த நிறுவனத்தின் பணமே ஆகும்.

ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ராஜுவுக்கு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே அவர்களுக்குப் பிணை கிடைத்தது.

சட்ட மாற்றங்கள்

2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், 245ஆம் பிரிவின்வழிக் குழு வழக்குக்கு இடமளித்தது. இப்பிரிவு 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2019இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, நூறு பங்குதாரர்கள் ஒன்று சேர்ந்தால் நிறுவனம், இயக்குநர்கள், தணிக்கையாளர் ஆகியோர்மீது தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். தணிக்கையாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றுவதும் இச்சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. 2009இல் பங்கு வைத்திருந்த இந்தியச் சிறு முதலீட்டாளர்களுக்கு இம்மாற்றங்கள் காலங்கடந்தே வந்தன.

இவற்றையும் பார்க்க

* பங்குச்சந்தை
* சென்செக்ஸ்
* இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியம்