உலகப் போர் மூண்ட கதை
(நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியருக்காக)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெற்றோருடன் இந்தியா கேட் புல்வெளிக்குச் சென்று வராத குழந்தை, தில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இருப்பது அரிது. அடுத்த முறை செல்லும்போது, வேர்க்கடலைப் பொட்டலத்தைச் சற்றே மூடி வைத்துவிட்டு அந்தப் பெரிய வளைவை அண்ணாந்து பாருங்கள். கல்லிலே 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1921-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1931-ல் திறக்கப்பெற்ற அச்சின்னம், முதல் உலகப் போரிலும் அதனையடுத்து நிகழ்ந்த ஆப்கானியப் போரிலும் உயிர் நீத்த நம் நாட்டுப் படைவீரர்களின் நினைவாக எழுந்தது. அவ்வீரர்களுள் பலர் பிரான்ஸிலும் மெசபொடேமியாவிலும் மாண்டவர்கள். கடல் கடந்த அந்நிலங்களில் அவர்கள் ஏன் மடிய நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண, நாம் ஐரோப்பாவிலுள்ள ஸரயேவோ என்னும் நகருக்குச் செல்ல வேண்டும்.

1914-ஆம் ஆண்டு ஜூன் 28. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு, தம் மனைவி ஸோபியுடன் அந்நகருக்கு விஜயம் செய்தார். ஸரயேவோ போஸ்னியா நாட்டின் தலைநகர். அந்நாட்டை 1908-ல் ஆஸ்திரியா தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டது அங்கு வாழ்ந்த செர்பியருக்குத் தீராத மனக்குறையாக இருந்தது. காலையில் ஓர் இளைஞன் இளவரசரின் மோட்டார் வண்டிமீது வெடிகுண்டு வீசினான். அது விலகிச் சென்று, பின்னால் வந்த வண்டியின் அருகே வெடித்தது. காயமுற்றோரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்று இளவரசர் விரும்பினார். வழி மாறிய செய்தி வண்டி ஓட்டியவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தவறான தெருவில் திரும்பிய வண்டி, பின்னோக்கிச் செல்வதற்காக நின்றது. அது நின்ற இடத்திலே காவ்ரிலோ பிரின்ஸிப் என்னும் 19 வயது இளைஞன் கைத்துப்பாக்கியுடன் நின்றிருந்தான். இருமுறை சுட்டான். இளவரசரும் மனைவியும் மாண்டனர்.

இரண்டு குண்டுகளா உலகப் போரை மூட்டின? நம் தமிழில் 'போர்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. யுத்தமும் போர், அறுவடைக்குப் பின் குவித்து வைக்கும் வைக்கோலும் போர். ஈரத் தரையில் விழும் தீப்பொறி தானே அவிந்துவிடும். வைக்கோற் போரில் விழுந்தால் ஊரையே எரிக்கும். ஐரோப்பாவில் அந்த வைக்கோல் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது.

1871-ல் ஜெர்மனி, பிரான்ஸை வென்று அல்ஸேஸ் பகுதியையும் லொரேனின் ஒரு பாகத்தையும் கவர்ந்துகொண்டது. பிரெஞ்சு மக்கள் அதனை மறக்கவில்லை. 1882-ல் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்துகொண்டன. மறுபுறம் பிரான்ஸும் ரஷ்யாவும் 1894-ல் துணைவராயின. 1904-ல் பிரான்ஸுடனும் 1907-ல் ரஷ்யாவுடனும் பிரிட்டன் நேசம் பூண்டது. கடலிலே பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டியிட்டுப் போர்க் கப்பல்களைக் கட்டி வந்தன. ஒவ்வொரு நாடும் தற்காப்புக்காகவே ஆயுதம் சேர்ப்பதாகச் சொல்லிற்று. அயல்நாடு அதனை நம்பவில்லை.

இந்நாடுகளின் மன்னர்கள் ஒருவருக்கொருவர் அந்நியரல்லர் என்பது வியப்புக்குரியது. ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம், பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ், அதே மன்னருக்குச் சித்தி மகன். உறவினால் யுத்தம் நிற்பதில்லை என்பதைப் பாரதக் கதை கேட்டு வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இளவரசர் இறந்ததும் உடனே போர் மூண்டுவிடவில்லை என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். இடையே 37 நாட்கள் இருந்தன. கொலைக்குச் செர்பியாவே பொறுப்பு என்று கருதிய ஆஸ்திரியா, ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனியின் கருத்தைக் கேட்டது. எது நேரினும் துணை நிற்போம் என்று ஜெர்மனி வாக்களித்தது. ஜூலை 23-ல் ஆஸ்திரியா பத்துக் கோரிக்கைகளைச் செர்பியாவுக்கு அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமென்றது. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கிற்று. ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் வந்து விசாரணையில் கலந்துகொள்வதை மட்டும் ஏற்க மறுத்தது. நான்கு வல்லரசுகள் கூடிப் பேசிச் சமரசம் காணலாம் என்று பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி எட்வர்டு கிரே யோசனை கூறினார். ஜெர்மனி அதற்கு இசையவில்லை. செர்பியாவின் பதிலை ஜெர்மன் சக்கரவர்த்தி ஜூலை 28-ல்தான் படித்தார். இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று தம் கைப்பட எழுதினார். ஆனால் அன்றே ஆஸ்திரியா போர்ப் பிரகடனம் செய்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள, ரயில் கால அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்ல நாம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். நாகபுரியைத் தாண்டியபின், வண்டியைக் கல்கத்தாவுக்குத் திருப்புங்கள் என்று ஒருவர் சொன்னால் நடக்குமா? அக்காலத்துப் படைகளும் ரயிலில்தான் சென்றன. எந்தப் படை எந்த நாளில் எந்த வண்டியில் ஏறவேண்டும் என்பதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒரு நாடு படை திரட்டத் தொடங்கினால், பிந்தினவன் தோற்பான் என்ற அச்சத்தால் அண்டை நாடும் தொடங்கியாக வேண்டும்.

ஜூலை 30-ல் ரஷ்யா, செர்பியாவுக்கு ஆதரவாகத் தன் முழுப் படையையும் திரட்ட ஆணையிட்டது. ஆகஸ்டு 1-ல் ஜெர்மனி ரஷ்யாமீது போர் தொடுத்தது. ஆனால் ஜெர்மனியிடமிருந்த திட்டமோ, பெல்ஜியத்தின் வழியே புகுந்து பிரான்ஸை முதலில் முறியடித்துவிட்டு, அதன்பின் ரஷ்யாவின் பக்கம் திரும்புவது. பிரிட்டனும் பிரான்ஸும் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று தவறாக வந்த ஒரு செய்தியை நம்பிய ஜெர்மன் சக்கரவர்த்தி, படை முழுவதையும் கிழக்கே திருப்புமாறு அன்று மாலை தம் தளபதி மோல்ட்கேயிடம் சொன்னார். அது இயலாத காரியம் என்றார் தளபதி. அரசர் இட்ட கட்டளையைக் கால அட்டவணை தடுத்துவிட்டது. ஆகஸ்டு 3-ல் பிரான்ஸ்மீதும் போர்ப் பிரகடனம் செய்த ஜெர்மனி, மறுநாள் பெல்ஜியத்தினுள் புகுந்தது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839-ல் வல்லரசுகள் கையொப்பமிட்டிருந்தன. அதனைக் காட்டி அன்றிரவே பிரிட்டன் போரில் இறங்கிற்று.

பிரிட்டன் இறங்கியதும் இந்தியாவும் இறங்கிற்று. நம் மக்களை யாரும் கேட்கவில்லை. வைஸ்ராய் அறிவித்தார், அவ்வளவே. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்றனர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். சென்னையும் தப்பவில்லை. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மன் போர்க் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து குண்டு மாரி பொழிந்து, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. உங்கள் பாட்டி யாரையேனும், "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் தமிழுக்கு வந்தது அந்த இரவில்தான்.

1918 நவம்பர் 11-ல் போர் ஓய்ந்தபோது, உலகெங்கும் ஏறத்தாழ 90 லட்சம் வீரர்கள் இறந்திருந்தனர். சுட்ட இளைஞனும் சில மாதங்களுக்கு முன்பே சிறையில் காசநோயால் இறந்துபோனான்.

குழந்தைகளே, பள்ளித் தேர்வில் முதல் உலகப் போருக்குக் காரணம் யாது என்று கேட்டால், ஸரயேவோ கொலை என்று ஒரு வரியில் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கொலை ஒரு நாளில் நடந்தது. அதன்பின் 37 நாட்கள் இருந்தன. வியன்னாவிலும் பெர்லினிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்த பெரியோர்களுள் யாரேனும் ஒருவர், "இன்னும் ஒரு வாரம் பொறுப்போம், பேசிப் பார்ப்போம்" என்று உறுதியாக நின்றிருந்தால், அந்த வளைவில் நாம் காணும் பெயர்களில் பல கல்லில் ஏறியிரா. அப்பெயர்களுக்கு உரியவர்கள் தத்தம் ஊரில் உழுது, பேரன் பேத்திகளைக் கண்டு வாழ்ந்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு அங்கே செல்லும்போது, அப்பெயர்களில் ஒன்றையாவது நின்று படித்துவிட்டு வாருங்கள்.