தாவரவழி நீர்க்களி

தாவரவழி நீர்க்களி என்பது மாவுப்பொருள், செல்லுலோசு, பெக்டின், கொத்தவரைப் பிசின் போன்ற தாவரப் பொருட்களை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்படும், தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பல்லுறுப்பி ஆகும். இது ஹைட்ரோஜெல் என்றும் அழைக்கப்படுகிறது. வேளாண்மையில் இது வேர்ப்பகுதி மண்ணில் இடப்படுகிறது. மழை அல்லது பாசனத்தின்போது நீரை உறிஞ்சி, மண் காயும்போது சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. மதுரை ஜிகர்தண்டாவில் சேர்க்கப்படும் பாதாம் பிசின் ஊறிப் பெருப்பதும் இத்தன்மையாலேயே.

செயற்பாடு

நீர்க்களியின் பல்லுறுப்பிச் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் வலைபோல இணைந்துள்ளன. பூசா நீர்க்களி போன்றவற்றில் சங்கிலியிலுள்ள கார்பாக்சிலேட்டுத் தொகுதிகளால் வலையினுள் அயனிச் செறிவு மிகுந்து, ஊடுபரவல் அழுத்தத்தால் நீர் உட்புகுகிறது. குறுக்குப் பிணைப்புகள் வலை கரைந்துவிடாமல் காக்கின்றன. பாசன நீரில் உப்பு இருப்பின் செறிவு வேறுபாடு குறைந்து, உறிஞ்சும் அளவும் குறையும். கால்சியம், மக்னீசியம் அயனிகள் சங்கிலிகளை மேலும் இறுகப் பிணைத்துவிடும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் அளந்து கூறப்படும் மடங்குகளை ஆழ்துளைக் கிணற்று நீருக்கு அப்படியே பொருத்துவது தவறாகும்.

வரலாறு

1970களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகம் சோள மாவுப்பொருளிலிருந்து 'சூப்பர் சிலர்ப்பர்' என்னும் உறிஞ்சியை உருவாக்கியது. இந்தியாவில் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா நீர்க்களி'யை உருவாக்கியது. செல்லுலோசின் மீது அக்ரிலேட்டு ஒட்டப்பட்டதால் இது முழுத் தாவரப் பொருள் அன்று, பாதி செயற்கையானது. தன் எடையைப்போல 350 மடங்குக்கு மேல் நீரை உறிஞ்சும் இது, 40 முதல் 50 பாகை செல்சியசு வெப்பத்திலும் செயல்படும். ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ பரிந்துரைக்கப்படுகிறது. இராசத்தானைச் சேர்ந்த நாராயண் லால் குர்சர் தொடங்கிய ஈஎஃப் பாலிமர் நிறுவனம் பழத்தோல் கழிவுகளிலிருந்து நீர்க்களி தயாரிக்கிறது. அது சப்பானின் ஒக்கினாவாவிலும் இயங்குகிறது.

கொள்ளளவு

விளம்பரங்களில் மடங்குக் கணக்கு மட்டுமே இடம்பெறுவதால் பின்வரும் கணக்கு பயனுடையது. ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை 4,047 லிட்டர் நீராகும். 2 கிலோ நீர்க்களி 350 மடங்கு உறிஞ்சினாலும் ஒரு முறைக்கு 700 லிட்டரே தேங்கும். இது 0.17 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கோடையில் பயிர் வயல் ஒரே நாளில் பல மில்லிமீட்டர் நீரை இழக்கிறது. எனவே நீர்க்களியைப் பாசனத்திற்கு மாற்றாகக் கருத இயலாது. வயல் முழுவதும் தூவாமல் வேரருகே இட்டு, அது மீண்டும் மீண்டும் நிரம்பி வடியும்போதே பயன் கிடைக்கும். மணற்பாங்கான நிலத்தில் பயன் மிகுதி. நீரைத் தானே பிடித்து வைக்கும் களிமண்ணில் குறைவு.

கம்பம் பள்ளத்தாக்கும் நீர்க்களியும்

தேனி மாவட்டம் இராயப்பன்பட்டி, பன்னீர்த் திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அருகிலுள்ள ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இராயப்பன்பட்டியை ஒட்டிய சண்முகாநதி அணை மேகமலைப் பகுதி மழையை நம்பியிருக்கிறது. அம்மழை குறைந்தால் கிணற்று நீரின் தேவை கூடும்.

பந்தல் திராட்சை பல்லாண்டுப் பயிர் என்பதால், விதைப்பின்போது சாலில் இடும் முறை இதற்குப் பொருந்தாது. புதுக்கொடி நடுகையில் குழி மண்ணுடன் கலக்கலாம். வளர்ந்த கொடிகளுக்குச் சொட்டுநீர் விழும் இடத்தில் மண்ணுள் இடலாம். மேற்பரப்பில் கிடந்தால் வெயிலில் சிதையும். கிணற்று நீரின் உப்புத்தன்மையை முன்னரே சோதிப்பது நன்று.

சிதைவு

மாவுப்பொருள், பெக்டின் ஆகியவற்றை மண் நுண்ணுயிர்கள் விரைவில் சிதைக்கின்றன; ஆகவே அவற்றை மீண்டும் இட வேண்டியிருக்கும். அக்ரிலேட்டுச் சங்கிலிகள் நெடுநாள் நீடிக்கும். 'தாவரவழி' என்னும் பெயருடன் விற்கப்படும் பொருளில் இவ்விரண்டின் விகிதம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அதன் ஆயுளும் மண்ணில் எஞ்சும் பகுதியும் அமைகின்றன.