தக்காளி ஏறாத சட்டி: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையில் மாட்டிறைச்சியும் சில சொற்களும்

1956 நவம்பர் 1 அன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு மாநில எல்லை அமைந்தது. அதுவரை நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் அடுத்தடுத்த இரு தாலுகாக்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியுமே. நெய்யாற்றின்கரைத் தமிழர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு, நேசமணியின் அரசியல், மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை ஆகியவை குறித்து நிறையவே எழுதப்பட்டுள்ளது. எல்லையின் இருபுறமும் ஒரே விதமாகக் கொதித்துக்கொண்டிருந்த இறைச்சிச் சட்டியைக் குறித்து எழுதப்பட்டது மிகக் குறைவு.

இன்று 'கேரள பீஃப்' என்னும் பெயரில் உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் மத்திய திருவிதாங்கூரின் உலர்த்தியதுதான். தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கருக வதக்கிய அந்த வறுவல், கோட்டயம் பகுதியிலிருந்து உணவகங்களின் வழியே எங்கும் பரவியது. தென் திருவிதாங்கூரின் வழக்கமோ வேறு. இங்கே இறைச்சியின் உயிர் வறுத்தரைத்த கூட்டில் இருக்கிறது. துருவிய தேங்காயை உள்ளியோடும் கறிவேப்பிலையோடும் இரும்புச் சட்டியில் பழுப்பு நிறம் தாண்டும்வரை வறுத்து, இறக்கும் தறுவாயில் கொத்தமல்லி, வத்தல் மிளகாய், நல்லமிளகு, பெருஞ்சீரகம் சேர்த்து, ஆறவைத்து, தண்ணீர் தெளிக்காமல் அம்மியில் எண்ணெய் கசியும்வரை அரைப்பர். இதே அரைப்பில் புளி சேர்ந்தால் காய்கறித் தீயல். இறைச்சிக்குப் போனால் புளி விலகிக்கொள்ளும். தீயல் என்ற சொல்லே 'தீ' என்னும் வேரை மறைக்காமல் நிற்கிறது. கருகலின் விளிம்புவரை சென்று திரும்புவதுதான் அதன் இலக்கணம்.

பழைய செய்முறையில் தக்காளி இல்லை, பயறும் இல்லை. ஒரு கிலோ இறைச்சிக்கு அரைமூடித் தேங்காய், பத்துப் பன்னிரண்டு வத்தல், இரண்டு மூன்று கரண்டி மல்லி, ஒரு கரண்டி நல்லமிளகு என்பது வீட்டுக்கு வீடு மாறும் பொதுவான கணக்கு. வேலை செய்து ஓய்ந்த மாட்டின் இறைச்சியில் இணைப்புத் திசு மிகுதி. அது கூழ்மமாக இளக, மெல்லிய தீயில் நெடுநேரம் வேண்டும். அந்த இளகலும் மல்லிப்பொடியும் வறுத்த தேங்காயும் சேர்ந்தே குழம்பைத் தடிக்கவைக்கின்றன. தக்காளியின் நீர் இந்த வேலைக்கு உதவி இல்லை, இடையூறு. சட்டியை வற்றவைக்க வேண்டிய இடத்தில் நீரை ஊற்றி மீண்டும் வற்றவைக்கும் வீண்வேலை அது. பயறுக்கு இப்பகுதியில் தனி இடம் உண்டு. அது கஞ்சியின் துணை. கஞ்சியும் பயறும் ஒரு வேளை, இறைச்சியும் மரச்சீனியும் மற்றொரு வேளை. இரண்டையும் ஒரே சட்டியில் கலப்பது சுவைப்பிழை என்பதைவிட வேளைப்பிழையாகவே கருதப்படும்.

இதே விலக்கு உலகின் வேறொரு எல்லையிலும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டிறைச்சியும் மிளகாயும் கொண்டு ஆக்கும் 'சில்லி கான் கார்னே'யில் பயறும் தக்காளியும் கூடாது என்பது அங்குள்ள பழமைவாதிகளின் உறுதியான நிலைப்பாடு. சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் மெக்சிக்க வழிப் பெண்கள் விற்ற இந்த உணவு 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் தனிக் கடை பெற்றது. 1930களில் நகரின் சுகாதார விதிகள் அப்பெண்களைச் சதுக்கத்திலிருந்து அகற்றின. 1977இல் டெக்சாஸ் அதையே மாநில உணவாக அறிவித்தது. ஆக்கியவரை விரட்டிவிட்டு ஆக்கியதைக் கொண்டாடுவது டெக்சாஸின் தனிச்சொத்து அன்று என்பதைப் பாறசாலையின் வரலாறு அறிந்தோர் எளிதில் உணர்வர்.

இவ்வளவுக்கும் மிளகாய் இந்த மண்ணின் பயிர் இல்லை. மிளகே இம்மண்ணின் பயிர். முசிறிக்கு வந்த யவனர் கலங்கள் பொன்னுக்கு மாற்றாக ஏற்றிச் சென்ற பொருளை அகநானூற்றுப் பாடல் (149) 'கறி' என்னும் சொல்லால் குறிக்கிறது. சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. மிளகிட்டு ஆக்கிய உணவுக்கும், பின்னர்ச் சோற்றின் துணையாகும் எதற்கும், தமிழகத்தின் பெரும்பகுதியில் இறுதியாக இறைச்சிக்கும் அச்சொல் நகர்ந்தது. மலையாளம் இடைநிலையிலேயே நின்றுவிட்டது. அங்கே மீனும் காயும் எல்லாம் கறிதான். எல்லைக் கிராமத் தமிழ் இங்கே மலையாளத்தோடு நிற்கிறது. மதுரைக்காரர் 'கறி எடுத்தேன்' என்றால் ஆட்டிறைச்சி. பாறசாலையில் அதே வாக்கியத்துக்கு 'என்ன கறி?' என்ற கேள்வி எழும். இறைச்சியைக் குறிக்க அங்கே 'எறச்சி' என்ற சொல் வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே மிளகாய் வந்தபோது அதற்குப் பெயர் தேவைப்பட்டது. தமிழ் 'மிளகு' என்பதோடு 'காய்' சேர்த்து மிளகாய் என்றது. மலையாளம் முதலில் அடைமொழி கொடுத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' நூலில் மிளகாய்ச் செடி 'கப்போ மொலகோ' என்ற பெயரில் இடம்பெறுகிறது. கப்பல் முளகு என்பதன் லத்தீன் எழுத்து வடிவமாகவே அதைக் கொள்ளவேண்டும். பறங்கி முளகு, கொல்ல முளகு என்பனவும் வழங்கின. காலப்போக்கில் புதியவன் அடைமொழியை உதறிவிட்டு வீட்டுக்காரன் பெயரையே எடுத்துக்கொண்டான். இன்று மலையாளத்தில் வெறும் 'முளகு' என்றால் மிளகாய். பழைய மிளகு, தன் பெயரைத் தக்கவைக்க, குருமுளகு என்றும், தெற்கே நல்லமுளகு என்றும் அடைமொழி பூண வேண்டியதாயிற்று.

குமரி மாவட்டத்திலும் பாறசாலைத் தமிழிலும் வழங்கும் 'நல்லமிளகு' இவ்வகையில் ஆராயத்தக்கது. பிற தமிழ் வட்டாரங்களில் மிளகுக்கு அடைமொழி தேவையில்லை, ஏனெனில் அங்கே மிளகாய் தனிச்சொல். அடைமொழி இருக்கும் இடத்தில் குழப்பமும் இருந்திருக்கவேண்டும். அதாவது, இரு மொழிகளும் ஒரே சந்தையில் ஒரே பொருளை விலை பேசிய இடங்களில் மட்டுமே 'நல்ல' தேவைப்பட்டது. இதற்கு நெருங்கிய இணை தமிழிலேயே உண்டு. எள்ளின் நெய்யே எண்ணெய். எல்லா வித்துகளின் நெய்யும் அப்பெயரைப் பெற்றபின் எள்ளெண்ணெய் 'நல்லெண்ணெய்' ஆயிற்று. பெயரை இழந்தவற்றுக்கு 'நல்ல' என்ற ஆறுதல் பரிசு தரும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று!

தக்காளியின் கதை இன்னும் தாமதமானது. தமிழில் தக்காளி என்பது முதலில் உறைக்குள் காய்க்கும் சிறு காட்டுச் செடியின் பெயர். மணத்தக்காளியும் அதன் பெயர்க்குடும்பமே. அமெரிக்கத் தக்காளி வந்தபோது அது 'சீமைத் தக்காளி' ஆனது. பிறகு இங்கும் சீமை உதிர்ந்தது. மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழியிலும் 'தோமாட்டில்' என்பது உறைக்குள் காய்க்கும் இனத்தையும் உள்ளடக்கிய பொதுச்சொல். ஐரோப்பிய மொழிகள் அதையே சிவந்த பழத்துக்குச் சூட்டின. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே தாவரக் குடும்ப ஒப்புமையைக் கண்டிருப்பது வியப்புக்குரியது. சமையலில் தக்காளி பொதுவானது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில்தான். வறுத்தரைத்த இறைச்சியில் தக்காளி இல்லாமை ஒரு கொள்கை அன்று. அந்த உணவு தக்காளிக்கு முன்பே தன் வடிவத்தை முடித்துக்கொண்டது என்பதற்கான தடயம். உணவகங்கள் இன்று நிறத்துக்கும் அளவுக்கும் அதைச் சேர்க்கும்போது அத்தடயம் அழிகிறது.

சட்டியின் மறுபாதி மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா இக்கிழங்கின் சாகுபடியை ஊக்குவித்தார். அதைப் பெருவாரியான மக்களின் முதன்மை உணவாக்கியது 1942. பர்மா ஜப்பானியர் வசம் சென்றதும், அரிசித் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதியால் நிரப்பிவந்த திருவிதாங்கூர் தத்தளித்தது. அப்போது ஏழைகளின் வயிற்றைக் காத்தது கிழங்கே. மாவுச்சத்து மிகுந்து புரதம் மிகக் குறைந்த அக்கிழங்குக்கு மலிவான இறைச்சி மிகப் பொருத்தமான துணை. வடக்கே இதைக் கப்ப என்பர். தெற்கே சீனிக்கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளி. அதன் மரவகை மரச்சீனி. இச்சொல்லில் எல்லைக்கு இருபுறமும் கருத்து வேறுபாடே இல்லை.

மலிவான இறைச்சி என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. பசுக்கொலையைக் குற்றமாக வைத்திருந்த அரசு திருவிதாங்கூர். இறந்த மாட்டை அகற்றும் வேலையையும் அதை உண்ட இழிவையும் அடிமைச் சாதிகள்மீது ஏற்றிய சமூகம் அது. அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்தது 1855இல். லண்டன் மிஷன் சங்கத்தின் நிலையங்களுள் பாறசாலையும் ஒன்று. அச்சங்கத்தின் சாமுவேல் மெட்டீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட இரு நூல்கள் இச்சாதிகளின் வாழ்வைப் பதிவு செய்தன, ஐரோப்பியரின் பார்வையும் சமயப் பணியாளரின் பார்வையும் கலந்தே. இன்று எல்லையில் சாதி, சமயம் கடந்து பலர் உண்ணும் உணவாக மாட்டிறைச்சி மாறியிருப்பது உண்மை. ஆனால் 'எல்லாரும் உண்ணும் கேரள உணவு' என்ற பெருமிதப் பேச்சு, முதலில் அதை உண்டதற்காகத் தள்ளிவைக்கப்பட்டவர்களைப் பெயரிடாமல் கடந்துபோகிறது. உணவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருட்டு இல்லை.

1956க்குப் பிறகு ஒரே சட்டிக்கு இரு சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதெனச் சான்று பெற்ற மாட்டை அறுக்க அனுமதிக்கிறது. 1976இல் பசுவை அறுப்பதற்குத் தனி அரசாணை தடை விதித்தது. கேரளத்தில் அத்தகைய முழுத்தடை இல்லை. ஆனால் கேரளத்தின் இறைச்சிக் கடைகளுக்குரிய மாடுகளில் கணிசமானவை தமிழகச் சந்தைகளிலிருந்தே செல்கின்றன. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, கால்நடைச் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டபோது அவற்றுக்கு இடைக்காலத் தடை வழங்கியது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. கேரளத் தெருக்களில் நடந்த பீஃப் விழாக்களை ஊடகங்கள் படம்பிடித்தன. மாட்டை விற்க வேண்டிய தமிழக உழவரின் கணக்கும் அதே வழக்கில்தான் அடங்கியிருந்தது என்பது குறைவாகவே பேசப்பட்டது.

இவற்றினிடையே சொற்கள் மெல்ல நழுவுகின்றன. வட்டார வழக்கு அகராதிகள் மாவட்ட வாரியாகத் தொகுக்கப்படும்போது குமரித் தமிழ் களியக்காவிளையில் முடிந்துவிடும். தமிழ்நாட்டு மாவட்டம் எதிலும் சேராத பாறசாலைத் தமிழுக்கு அங்கே பக்கம் இருக்காது. மலையாளத் தொகுப்புகளில் அதே சொற்கள் 'தெக்கன் மலையாளம்' என்ற தலைப்பில் நுழையலாம். நல்லமிளகு, மரச்சீனி, எறச்சி, உள்ளி, தீயல் ஆகிய ஐந்தையும் எந்த மொழிக்கு உரியவை என்று கேட்பது பயனற்ற கேள்வி. அவை ஒரு தாலுகா எல்லையைத் தாண்டிப் பெண்கள் அம்மி முன் பேசிய பேச்சுக்கு உரியவை. அரைத்த கூட்டு மின்னரைவைக்கும் பொட்டலப் பொடிக்கும் மாறும்போது 'எண்ணெய் கசியும்வரை' போன்ற அளவைத் தொடர்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் அச்செய்முறையைச் சொற்சொல்லாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் களப்பணி, நெய்யாறுக்கும் குழித்துறை ஆற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் இந்தத் தலைமுறைக்குள் நடக்கவேண்டும். எல்லைக் கல்லுக்கு ஒருபுறம் மட்டும் நடந்தால் அது பாதி வேலையே.