மூன்று திறப்புகள்

கண்டி ஏரிக்கரையில் இன்று வந்து நிற்கும் மோட்டார் வண்டிகள் பலவற்றின் திறப்பு, தன் பழைய உருவத்தையே இழந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கரிய வில்லை. அதனுள் காசு போன்ற சிறு மின்கலம். பொத்தானை அழுத்தியதும் ரேடியோ அலை சென்று கதவைத் திறக்கிறது. ஒருமுறை சென்ற குறியீடு மறுமுறை செல்லாதவாறும் செய்திருக்கிறார்கள். இத்தனை நுட்பம் அமைத்தோர், மின்கலம் ஓய்ந்தால் என்ன கதி என்றும் எண்ணி, வில்லையின் வயிற்றுக்குள்ளேயே உலோகத் திறப்பொன்றை ஒளித்து வைத்தனர். வீட்டிலே இன்னொரு வில்லையும் இருக்கும். ஒன்று போனால் மற்றொன்று என்பதே மாற்றுத் திறப்பின் நியதி.

அதே ஏரிக்கரையிலுள்ள தலதா மாளிகையில் இதற்கு நேர்மாறான நியதியொன்று வழங்கி வருகின்றது. புத்தபிரானின் புனித தந்தம் இருக்கும் பேழைக்குத் திறப்புகள் மூன்று. அவை மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர் இருவரிடமும் தியவடன நிலமேயிடமும் உள்ளன. மூன்றும் ஒன்றுகூடினாலன்றிப் பேழை திறவாது. இங்கே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று; ஒன்று மற்றொன்றுக்குக் காவல்.

இந்த ஏற்பாட்டின் பின்னே ஒரு நீண்ட வழக்கு இருக்கின்றது. 1815 மார்ச் 2ஆம் திகதி எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கையில், பௌத்த சமயத்தைப் பேணிக் காப்பதாக ஆங்கிலேயர் வாக்களித்தனர். 1817இல் ஊவாவில் கிளர்ச்சி மூண்டது. புனித தந்தம் கண்டியிலிருந்து இரகசியமாக அகற்றப்பட்டு, 1818இல் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. தந்தத்தை உடையவரே நாட்டை ஆளும் உரிமையுடையவர் என்பது மக்களின் நம்பிக்கை. ஆகவே, இனி ஆங்கிலேயரே மெய்யான அதிபதிகள் என்று அவர்கள் பேசிக்கொண்டதை, படை மருத்துவர் ஜோன் டேவி எழுதி வைத்துள்ளார். அரண்மனையைப் பிடித்தபோது நிறைவேறாதது, பேழையைப் பிடித்தபோது நிறைவேறிற்று எனலாம்.

அதன்பின் திறப்பு அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1828 முதல் அதனை வைத்திருந்தவர், மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜோர்ஜ் டேர்னர். நாள்தோறும் நிகழும் பூசை வேளை தவிர, திறப்புகள் தம் நூல் நிலையத்தை விட்டு அகன்றதேயில்லை என அவரே குறித்துள்ளார். இரவில் மாளிகையில் படைவீரர் காவலும் இருந்தது. ஏடுகளோடு ஏடாக ஓர் இராச்சியத்தின் திறப்பும் கிடந்தது!

ஆயினும், கிறிஸ்தவ அரசு பௌத்த ஆலயத்தைக் காப்பதா என மதபோதகர்கள் கண்டனக் குரல் எழுப்பினர். அவர்களில் முன்னின்றவர் ஸ்பென்ஸ் ஹார்டி. வாக்குறுதியோ ஒரு பக்கம் இழுத்தது. 1847இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் தந்தம் தேரர்களிடமும் நிலமேயிடமும் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டே மாத்தளையில் கிளர்ச்சி எழவும், கொடுத்த கை திரும்பப் பறித்துக்கொண்டது. 1818ஐ அரசு மறக்கவில்லை. 1853இல்தான் அது முடிவாகத் திரும்பி வந்தது.

16 ஆண்டுகளின் பின்னர், 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை புனித தந்தம் பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டது. நாடெங்குமிருந்து வந்தோர் கண்டி வீதிகளில் நெடுநேரம் வரிசையில் நின்று வணங்கிச் சென்றனர்.